முதலிடம் பெற்ற கால்கள்

எங்கள் ஊரில் ஒரு பந்தாட்டக்காரன் எத்தனை பெரியவன் என்பதை அவன் செத்த பிறகுதான் வாய்விட்டுச் சொல்வோம், உயிரோடு இருக்கிறவனைப் புகழ்ந்தால் அவன் காலில் கனம் ஏறிவிடும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு வருடமும் அந்திரேயார் திருவிழாவின் கடைசி நாளில், கொடி இறக்குவதற்கு முன்பு, பழைய கேப்டன்கள் மூன்று பேர் கோயில் முற்றத்தில் நின்று, எங்கள் பந்தாட்டக் கழகத்துக்கு ஆடி மண்ணுக்குப் போனவர்களில் முதலாமவன் யார், இரண்டாமவன் யார், மூன்றாமவன் யார் என்று மைக்கில் அறிவிப்பார்கள், அந்த வரிசைப்படிதான் அவர்களுடைய குடும்பங்கள் தேருக்குப் பின்னால் நடக்கும். முதலாமவன் வீட்டார் புனிதரின் முதுகை ஒட்டி நடப்பார்கள், கடைசியானவன் வீட்டார் பேண்டு வாத்தியக்காரர்களின் எச்சில் தெறிக்கிற தூரத்தில் நடப்பார்கள். இதற்காக எங்கள் ஊரில் மண்டைகள் உடைந்திருக்கின்றன, நிச்சயித்த கல்யாணங்கள் நின்றிருக்கின்றன.

வரிசை போடுவதற்கு ஒரே ஒரு விதிதான். கழகத்தின் பச்சைச் சட்டை போட்டு ஆடியது மட்டும் ஆட்டம். மாநிலத்துக்கு ஆடியது, போலீசுக்கு ஆடியது, கொச்சியில் போய் வங்கிக்கு ஆடியது எல்லாம் அவனவன் வயிற்றுப்பாடு, அதைப் புனிதரின் முன்னால் கொண்டுவரக் கூடாது. டீக்கடையில் பெலேயா மரடோனாவா என்று சண்டை வந்தால்கூட எங்கள் ஆட்கள், "நாட்டுக்கு ஆடினத தள்ளி வையிலே, கிளப்புக்கு என்ன செஞ்சான், அதச் சொல்லு" என்று அந்த இரண்டு பேரையும் எங்கள் கழகத்துக்கு விண்ணப்பம் போட்டவர்களைப் போல நிற்க வைத்துத்தான் எடை போடுவார்கள்.

அந்த வருடம் கார்த்திகை பிறக்கும் முன்பே புயல் வந்தது, வானொலி சொல்வதற்கு முன்பே வந்துவிட்டது, கடற்கரை நெடுகிலும் ஊர் ஊராக ஆண்களை வாரிக்கொண்டு போனது. எங்கள் ஊரில் ஒரு வள்ளம் திரும்பவில்லை, அதில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் தோபியாஸ், எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன், பழைய கேப்டன் பெர்னார்டின் ஒரே மகன், அவன் இடதுகால் பந்தைத் தொட்டால் எதிரிக் கோல்கீப்பர் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடுவான் என்று பேர். இன்னொருவன் கிளீட்டஸ். கிளீட்டஸும் கழகத்து ஆள்தான், இருபது வயதில் பச்சைச் சட்டை போட்டவன் நாற்பது வயதுவரை அதைக் கழற்றவில்லை, ஆனால் ஆடியது மிகக் குறைவு, யாருக்காவது கால் சுளுக்கி, அடுத்தவனுக்குக் காய்ச்சல் வந்து, அதற்கும் அடுத்தவன் சாராயம் குடித்துவிட்டு விழுந்தால் மட்டும் அவனை இறக்குவார்கள். மற்ற நாளெல்லாம் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான், பந்து கடலில் விழுந்தால் நீந்திப்போய் எடுத்து வருவான்.

கடலுக்குப் போய் உடல் திரும்பாதவனை நாங்கள் செத்தவன் என்று சொல்வதில்லை. அவனுக்கு மணி அடிக்க மாட்டோம், பூசை வைக்க மாட்டோம். அவன் மனைவி கறுப்புச் சேலை கட்டக் கூடாது, தாலியைக் கழற்றக் கூடாது, நாலு பேர் முன்னால் ஓவென்று அழக்கூடக் கூடாது, அழுதால் கடல் அதைக் கேட்டு ஆளை வைத்துக்கொள்ளுமாம். அவள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மண்ணுக்குப் போகாதவனுக்குத் திருவிழாவில் அறிவிக்கிற மாவீரர் வரிசையிலும் இடமில்லை. ஆகவே ஊரில் இரண்டு வீடுகள் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தன: மகனுக்கு முதலிடம் வாங்கிக் கொடுக்க முடியாத பெர்னார்டின் வீடும், புருஷனுக்கு அழ முடியாத புளோரியின் வீடும். புளோரி கிளீட்டஸின் மனைவி, மீன் விற்பவள், எதையும் முகத்துக்கு நேரே கேட்கிறவள்.

பயிற்சி மறுபடி தொடங்கிய முதல் நாள் சாயங்காலம் பந்து எல்லையைத் தாண்டிக் கடலில் விழுந்தது. போய் எடுப்பதற்கு ஆள் இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது, நீ போ நான் போ என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள், அப்போது அலைக்குள்ளிருந்து பந்து தானாக உருண்டு வந்தது, பந்துக்குப் பின்னால் இரண்டு கால்கள் வந்தன. முழங்காலோடு முடிந்திருந்தன, மேலே ஒன்றும் இல்லை, வெட்டிய இடத்தில் ரத்தமும் இல்லை, ஆறிப்போன புண்ணின் மேல் இருக்கும் தோல்போல மழமழவென்று மூடியிருந்தது. கால்கள் பந்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மணலைத் தட்டிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போய் நின்றன.

யாரும் ஓடவில்லை. புயலுக்குப் பிறகு எங்கள் கரையில் கை வந்திருக்கிறது, தலையில்லாத முண்டம் வந்திருக்கிறது, யாருடையது என்று தெரியாமல் மொத்தமாகப் புதைத்தும் இருக்கிறோம், இவை நடந்து வந்தன என்பது ஒன்றுதான் வித்தியாசம். பெர்னார்டு விசில் ஊதினார். "ஒரு ஆளு கொறயுதுல்லா, அத உள்ள எறக்குங்கலே" என்றார். கால்கள் உள்ளே வந்தன, அன்றைக்கு நான்கு கோல் போட்டன, நாலும் இடதுகாலால்.

அந்த இடதுகால் போதும் எங்களுக்கு. இருட்டுவதற்குள் ஊர் முழுக்கத் தோபியாஸ் வந்துவிட்டான் என்று பேச்சாகிவிட்டது. கோட்டுக்கு வெளியே போய் நின்றதைப் பற்றியோ கடலில் விழுந்த பந்தை எடுத்து வந்ததைப் பற்றியோ ஒருவரும் யோசிக்கவில்லை, கோலுக்கு முன்னால் நடந்ததை எங்கள் ஊரில் யார் யோசித்தார்கள்? தையல்காரர் பச்சைத் துணியில் இரண்டு காலுறை தைத்துத் தந்தார். முடிவெட்டுகிற மரியதாஸ் நகம் வெட்டிவிட்டார். பெண்கள் வெந்நீரும் தேங்காயெண்ணெயும் கொண்டுவந்தார்கள். சாமியார் வந்து பார்த்துவிட்டு, ஆன்மா தலையில் இருக்கிறதா நெஞ்சில் இருக்கிறதா என்று திருச்சபை எங்கேயும் அறுதியிட்டுச் சொல்லவில்லை என்று ஒரு மாதிரி இழுத்தார், இழுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூசையில் கால்களை முதல் பெஞ்சுக்கு முன்னால் நிற்க வைத்தார். மீன்வளத் துறையிலிருந்து ஒருவர் வந்து, படம் எடுக்க முகம் வேண்டுமே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

பிறகு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். செய்தி கரை முழுக்கப் பரவி, கிழக்கே மணப்பாட்டுப் பக்கத்திலிருந்தும் மேற்கே பொழியூர் தாண்டியும், ஆள் திரும்பாத வீட்டுப் பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள், ஒவ்வொருத்தியும் முந்தானைக்குள் ஒரு ஜோடிச் செருப்பு வைத்திருந்தாள், புருஷனுடையது, மகனுடையது, தம்பியுடையது. மைதானத்தின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். கால்கள் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, ஒவ்வொரு செருப்புக்கும் வலதுபாதத்தைத் தூக்கிக் கொடுத்தன, பிறகு இடதுபாதத்தைக் கொடுத்தன, சலிக்கவே இல்லை. சிலர் கொண்டுவந்தது பெரிதாக இருந்தது, சிலருடையது சிறிதாக இருந்தது, அவர்கள் செருப்பைத் திரும்ப முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.

கடைசியில் புளோரி வந்தாள். அவள் கொண்டுவந்தது ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு, வலது குதிகாலில் அரைவட்டமாகத் தேய்ந்திருந்தது, அவள் புருஷன் குதிகாலில் கெளிற்று மீனின் முள் குத்திச் சீழ் பிடித்து ஆறியதிலிருந்து அப்படித்தான் சாய்ந்து நடப்பான். கால்கள் கல்லைவிட்டு இறங்கி, அவள் குனிவதற்குள் தாங்களே செருப்புக்குள் போய் நின்றன. தேய்ந்த இடத்தில் குதிகால் போய்ச் சரியாகப் படிந்தது.

"இது எனக்க ஆளுக்க காலு" என்றாள் புளோரி.

"ரப்பர் செருப்பு ஆருக்குத்தான் சேராது பிள்ளே?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

பெர்னார்டு வீட்டுக்குப் போய்த் தோபியாஸின் பந்தாட்டக் காலணிகளை எடுத்து வந்தார், கொச்சியில் அவன் ஆடப் போன வங்கிக்காரர்கள் வாங்கிக் கொடுத்தவை, ஊரில் அதைப்போல வேறு ஜோடி இல்லை. கால்களில் மாட்டினார். இரண்டிலும் ஒரு விரல் நுழைகிற அளவு இடம் மிச்சம் இருந்தது. எல்லாரும் பார்த்தோம். பிறகு யாரோ, உப்புத் தண்ணீரில் இத்தனை நாள் ஊறினால் கால் சுருங்காதா என்று கேட்டார்கள், சுருங்கும் சுருங்கும் என்று நாங்கள் அத்தனை பேரும் சொன்னோம், கடலில் பிறந்து கடலில் வளர்ந்த நாங்கள், தண்ணீரில் கிடந்த எதுவும் ஊதத்தான் செய்யும் என்று கண்ணால் பார்த்தே தெரிந்த நாங்கள் சொன்னோம். காலணிக்குள் பழைய துணியைத் திணித்துக் கட்டினார்கள்.

அன்று முதல் கால்கள் தோபியாஸ்தான். பயிற்சி முடிந்ததும் அவை நேராகப் புளோரியின் வீட்டுக்குப் போய், வாசலில் இருந்த தொட்டித் தண்ணீரில் இறங்கி மணலைக் கழுவிக்கொண்டு, பாயில் போய்ப் படுத்துக்கொண்டன. அதற்கும் நாங்கள் காரணம் வைத்திருந்தோம், தோபியாஸுக்கு நல்ல மனசு, கூடக் கடலுக்குப் போன கூட்டாளியின் மனைவிக்கு ஆறுதல் சொல்லப் போகிறான் என்றோம். வேறு ஆளாக இருந்தால் ஊரே நாறியிருக்கும்.

திருவிழாவுக்கு முந்தைய வாரம் போட்டிகள் தொடங்கின. எதிர்த்து ஆட வந்த சகாயமாதா கழகத்துக்காரர்கள், கையே இல்லாதவன் பந்தைக் கையால் தொட வழியில்லை, இது அநியாயம் என்று சண்டைக்கு வந்தார்கள். நடுவர் விதிகளை எல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆட்டக்காரனுக்குத் தலை இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை, எத்தனையோ பேர் தலை இல்லாமல்தான் ஆடுகிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். கால்கள் ஆடின. ஐயோ, அந்த ஆட்டம்! பந்து வருவதற்கு முன்பே அது வரப்போகும் இடத்தில் கால்கள் நின்றன, எந்தப் பின்வரிசைக்காரன் எப்போது சோர்ந்து இடுப்பில் கை வைப்பான் என்று அறிந்து அந்த நேரம் பார்த்து அவன் பக்கமாகவே போயின, எங்கள் பையன்களில் யார் வலதுபக்கம் மட்டும் உதைப்பான் என்று அறிந்து அவனுக்கு வலதுபக்கமே கொடுத்தன. இருபது வருடம் வெளியே உட்கார்ந்து பார்த்தவனுக்கு மட்டும் தெரியக்கூடிய விஷயங்கள் அவை. நாங்கள் தொண்டை கிழியத் தோபியாஸ் தோபியாஸ் என்று கத்தினோம். கோப்பை எங்களுக்கு வந்தது.

அப்புறம் வரிசைக்கான கோல் கணக்கு. இதுவரை முதலிடத்தில் இருந்த சூசைமுத்துவின் பேரன்கள், செத்த பிறகு போட்ட கோலைச் சேர்க்கக் கூடாது என்றார்கள். கோல் போடும்போது கழகத் துணி உடம்பில் இருந்ததா இல்லையா என்று கேப்டன்கள் கேட்டார்கள், இருந்தது, காலுறை பச்சை. பிறகு என்ன? தோபியாஸ் இரண்டு வருடம் கொச்சிக்குப் போனதால் அவன் கணக்கில் ஒரு பள்ளம் இருந்தது, அதைக் கால்கள் நிரப்பிவிட்டன. ஆனால் மண்ணுக்குப் போகாதவனுக்கு இடமில்லை என்ற விதி அப்படியே இருந்தது, ஆகவே திருவிழாவின் கடைசி நாள் காலையில் கால்களை அடக்கம் செய்வது, சாயங்காலம் அறிவிப்பது என்று முடிவானது. கல்லறைத் தோட்டத்தில் தோபியாஸின் பெயர் வெட்டிய கல் வந்து இறங்கியது.

புளோரி கோயில் முற்றத்துக்கு வந்தாள். மூன்று கேப்டன்களும் நாற்காலியில் இருந்தார்கள், நாங்கள் சுற்றி நின்றோம்.

"கழகத்துக்கு ஆடினது மட்டுந்தான் கணக்குன்னு சொல்லுதியளே" என்றாள். "இருபது வருசம் இந்தக் கழகத்த விட்டு ஒரு நாளு வெளிய போவாத காலு இது. கொச்சிக்குப் போவல்ல, போலீசுக்குப் போவல்ல. நீங்க உள்ள எறக்காம வெளிய வச்சிருந்தது ஆருக்க குத்தம்? எனக்கு முதலாமிடமும் வேண்டாம், தேருக்குப் பொறத்தால நடக்கவும் வேண்டாம். அவருக்க பேரச் சொல்லிக் குழிச்சு வையுங்க. எனக்கு அழணும்."

"கிளீட்டஸ் நல்லவன்தான், ஆரு இல்லேங்கியது?" என்றார் ஒரு கேப்டன். "ஆனா அவன் ஒரு கோல் போட்டு ஆராவது பாத்திருக்கியளா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. சாமியாரும் தரையைப் பார்த்தார்.

அடக்கத்தன்று விடிந்ததும் பெர்னார்டு அவள் வீட்டுக்கு வந்தார். கால்கள் பாயில் கிடந்தன. அவர் குந்தி உட்கார்ந்து வலதுகாலை மடியில் எடுத்து வைத்து, குதிகாலில் கெளிற்றுமுள் குத்திய குழியை விரலால் தடவினார்.

"இந்த முள்ளப் புடுங்குனது நாந்தான்" என்றார். "வள்ளத்துல வச்சு, கத்திய தீயில காட்டிப் புடுங்குனேன். அவன் ஒரு சத்தம் போடல்ல."

"அப்போ தெரியும்" என்றாள் புளோரி.

"முதல் நாளே தெரியும் மக்கா."

"தெரிஞ்சிட்டா இதச் செய்யுதிய மாமா?"

பெர்னார்டு அழுதார். அந்த மனுஷன் அழுது அதுவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை, புளோரி பிற்பாடு சொல்லித்தான் தெரியும். "எனக்க பயலுக்க ஒரு நகங்கூட வரல்ல பிள்ளே. அவனுக்க அம்மை கெடையில கெடக்கா, பய மண்ணுக்குப் போனான்னு கேட்டுட்டுக் கண்ண மூடணும்னு இருக்கா. உனக்க ஆளு வீடு தேடி வந்தான், உனக்க பாயில படுத்தான். எனக்கு என்ன வந்துது? சொல்லு, எனக்கு என்ன வந்துது?"

புளோரிக்கு அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலவும் இருந்தது, சேர்ந்து உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள், பச்சைக் காலுறையை மாட்டிவிட்டாள், துணி திணித்த காலணியை மட்டும் மாட்டவிடவில்லை.

மணி அடித்தது. கால்கள் பாடகர் குழுவுக்கு முன்னால் தாங்களே நடந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போயின, பச்சைக் கொடி போர்த்திய காலிப் பெட்டியை ஆட்டக்காரர்கள் பின்னால் சுமந்து போனார்கள். குழிக்கரையில் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். சாமியார் ஜெபம் சொன்னார், தீர்த்தம் தெளித்தார், தோபியாஸின் ஆன்மா இளைப்பாறட்டும் என்றார். கால்கள் அசையவில்லை. பெர்னார்டு "ஏறிப் படு மக்கா" என்றார். அப்படியே நின்றன. இரண்டு பேர் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள், எழுந்து வெளியே வந்துவிட்டன. மறுபடி வைத்தார்கள், மறுபடி வந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள், சூசைமுத்துவின் பேரன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கால்கள் கூட்டத்துக்குள் புகுந்து, ஆள் ஆளாகத் தாண்டிப் போய், பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் நின்ற புளோரியின் முன்னால் போய் நின்றன.

அத்தனை பேரும் அவளைப் பார்த்தோம். அவள் வீட்டுக்கு நடந்தால் போதும், கால்கள் பின்னாலேயே போயிருக்கும், கிளீட்டஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெர்னார்டு அந்த நேரத்தில் எதையும் மறுத்திருக்க மாட்டார். அவள் கால்களைப் பார்த்தாள். புயலிலிருந்து இன்றுவரை ஓய்வில்லாமல் ஓடி ஓடிப் பாதம் வெடித்திருந்தது, விரல் இடுக்கெல்லாம் பாளம் பாளமாகப் பிளந்து, தேய்த்த எண்ணெய் அதற்குள் நின்றது. நான்கு நாள் போனால் அடுத்த ஊர்ப் போட்டி இருக்கிறது, அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று இருக்கிறது, கால்கள் வெளியே இருந்தால் ஊர் ஓட வைக்காமல் விடாது.

குனிந்து கால்களை வாரி எடுத்தாள், பிள்ளையை எடுப்பதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு குழிக்கரைக்குப் போனாள். பெட்டிக்குள் படுக்க வைத்தாள். எழப்பார்த்தன. இரண்டு பாதங்களையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காதே இல்லாத அவற்றிடம் குனிந்து மெல்லச் சொன்னாள்: "படுங்க. கல்லுல ஆருக்க பேரு இருந்தா என்ன, நான் இருக்கேன்லா. போதும் ஓடினது. படுங்க."

கால்கள் ஒன்றின் மேல் ஒன்று போட்டுக்கொண்டு, வேலை முடிந்து வந்து படுக்கிற ஆளைப்போல அடங்கிவிட்டன. மூடியை வைத்து ஆணி அடித்தார்கள். மண் விழுந்தது. பெர்னார்டு ஓவென்று அலறினார், தோபியாஸின் கூட்டாளிகள் அலறினார்கள், ஊர் மொத்தமும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது, எங்கள் மாவீரனுக்கு அப்படி ஒரு அழுகை அழுதோம். புளோரி அழவில்லை. அவள் அழக் கூடாது, அவள் ஆள் இன்னும் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் தோபியாஸுக்கு முதலிடம் அறிவித்தார்கள், பெர்னார்டு புனிதரின் முதுகை ஒட்டி யாரையும் பார்க்காமல் நடந்தார். தேர் புளோரியின் வாசலைத் தாண்டியபோது எங்கள் பெண்கள் இரண்டு பேர் வரிசையை விட்டு விலகி அவளிடம் போனார்கள். நல்ல மனசோடுதான் போனார்கள்.

"வெசனப்படாத புளோரி" என்றாள் ஒருத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "கடலு தோபியாசத் தந்துதுல்லா. உனக்க ஆளையும் தரும், வருவாரு."

"வரமாட்டாரு மைனி" என்றாள் புளோரி. "இப்பந்தான் படுக்க வச்சிட்டு வந்தேன்."

பாவம், காத்திருந்து காத்திருந்து அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று தேருக்குப் பின்னால் நடந்தபடி நாங்கள் பேசிக்கொண்டோம்.